வியாழக்கிழமை நாடகம்

மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தது புதன்கிழமை. ஆத்தூரில் அவர்களுடைய அரிசி மில்லில் ஏதோ வேலை முடியாமல் இழுத்துக்கொண்டதால் ஒரு நாள் தள்ளி, வியாழக்கிழமை சாயங்காலம் காரில் வந்து இறங்கினார்கள். அந்த ஒரு நாள் தள்ளாமல் இருந்திருந்தால் சௌந்திரத்துக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இரண்டு மைலில் இருந்தது தோட்டம். பன்னிரண்டு ஏக்கர், பாதியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மீதியில் கடலையும் சோளமும். தோட்டத்துக்கு நடுவிலேயே வீடு. வீட்டில் அர்த்தநாரி, அவர் மனைவி சௌந்திரம், இளைய மகள் வளர்மதி, இந்த மூன்று பேர்தான். எழுபத்தொன்பதாம் வருடம் ஐப்பசி மாதம் அது. ஆவணியிலேயே வந்து வளர்மதியைப் பார்த்து, பிடித்துப்போய், மற்ற பேச்செல்லாம் முடிந்திருந்தது. இன்றைக்கு நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் தகப்பனார் மயில்சாமியும் தாயார் காளியாத்தாளும் மட்டும் வந்திருந்தார்கள். பெண் வீட்டுப் பக்கம் பேசுவதற்குச் சௌந்திரத்தின் அண்ணன் அப்புசாமி மத்தியானமே வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூடத்துச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்தைக் காளியாத்தாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். தரகர் சொல்லித்தான் இருந்தார். ஆனாலும் பேர் என்ன, எப்படி ஆயிற்று என்று அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள். சௌந்திரம் நாலு வருடமாக எத்தனையோ பேருக்குச் சொன்னதை இவளுக்கும் சொன்னாள்.

பெரியவள் பேர் மரகதம். சேலத்தில் விடுதியில் தங்கி டீச்சர் ட்ரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். கடைசி வருடம், ஆடி மாதம், உடனே வரச் சொல்லி விடுதியிலிருந்து தந்தி வந்தது. அர்த்தநாரியும் அப்புசாமியும் போனார்கள். நாலாம் நாள் திரும்பி வந்தபோது அவளுடைய தகரப்பெட்டி மட்டும் கூட வந்தது. லீவு நாளில் தோழிகளோடு பள்ளிபாளையம் போன இடத்தில் காவிரி வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது, கொடுமுடி வரைக்கும் கரையோரமாகத் தேடியும் உடம்பு அகப்படவில்லை என்று அப்புசாமிதான் சொன்னார். அர்த்தநாரி வாயையே திறக்கவில்லை. ஊரைக் கூட்டிக் காரியம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் சௌந்திரம் பள்ளிபாளையம் போய், மகளுக்குப் பிடித்த, வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தை இலையில் வைத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறாள்.

காளியாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுசி என்று சௌந்திரத்துக்குத் தோன்றியது. வளர்மதிக்கு இப்படி ஒரு மாமியார் அமைவது பெரிய காரியம்.

பணியாரமும் காப்பியும் ஆயிற்று. மயில்சாமி பஞ்சாங்கத்தைப் பிரித்துத் தை மாதத்தில் இரண்டு முகூர்த்தங்களைக் காட்டினார். அர்த்தநாரி இரண்டுக்கும் தலையாட்டினார். அப்புசாமி பின்னதுதான் வசதி என்றார். அந்தப் பேச்சு போய்க்கொண்டிருக்கையில் காளியாத்தாளின் கண் கடிகாரத்தின் பேரில் போனது. பிறகு அலமாரி மேலே பூ வேலை செய்த துணி போர்த்தி வைத்திருந்த ரேடியோவின் பேரில் போனது. திருச்சி எடுக்குமா என்று கேட்டாள். வியாழக்கிழமை ஏழு மணி நாடகத்தை அவள் விட்டதே இல்லையாம். நாலு நாளாக அவர்கள் வீட்டு ரேடியோ ரிப்பேர் கடையில் கிடக்கிறதாம். சொல்லிவிட்டு, பேச வந்த இடத்தில் இதைக் கேட்டுவிட்டோமே என்று கூச்சத்தோடு சிரித்தாள்.

"அது செரியா எடுக்காதுங்க, இரைச்சலா இருக்குமுங்க" என்றார் அர்த்தநாரி.

வளர்மதி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மாமியாராக வரப்போகிறவள் வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் இது.

"மோட்டார் ஓடுனாத்தானுங்கப்பா இரையும்? இன்னைக்குத்தான் போடலீங்களே" என்று சொல்லிக்கொண்டே போய்த் துணியை எடுத்துவிட்டு ரேடியோவைப் போட்டுத் திருச்சிக்குத் திருப்பினாள்.

அவள் சொன்னது உண்மைதான். போன வருடத்திலிருந்து, வியாழக்கிழமை பொழுது இறங்கினால் அர்த்தநாரி கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் போய்விடுவார். மோட்டார் ஓடுகிற வரைக்கும் ரேடியோ கர்ரென்று இரையும், ஒரு வார்த்தை விளங்காது. அந்த நேரத்தில்தான் கரண்டு சீராக வருகிறது என்பார். தண்ணீர் விஷயம் அவர் பாடு என்று சௌந்திரம் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இன்றைக்கு வந்தவர்களை விட்டுவிட்டு அவரால் எழுந்து போக முடியவில்லை.

நாடகம் தொடங்கிவிட்டிருந்தது. கதை பெரிதாக ஒன்றுமில்லை. டவுனில் வேலை கிடைத்த மகன், ஊரில் தனியாகக் கிடக்கிற தாயைக் கூட்டிக்கொண்டு போக வருகிறான். அவள் பேர் பொன்னாத்தாள். எருமையை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அவள் சாதிக்கிறாள். மகனுக்குச் சோறு போட்டுக்கொண்டே திட்டுகிறாள், திட்டிக்கொண்டே இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். மயில்சாமி பஞ்சாங்கத்தில் விரலை வைத்தபடி கேட்டுச் சிரித்தார். காளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க அண்ணி, இந்தக் கிழவி உங்கள மாதிரியே பேசுறாளே" என்றாள். "கண்ண மூடிக்கிட்டா நீங்களே உள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்குது."

சௌந்திரமும் சிரித்தாள். தன் குரல் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும். வார்த்தையின் கடைசியில் ஒரு இழுப்பு, பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பேச்சை எடுப்பது, இதெல்லாம் தன்னிடம் இருப்பதாக அவள் நினைத்ததில்லை. ஆனால் வளர்மதி சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். அவள் ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ரேடியோவில் பொன்னாத்தாள் வாசலுக்குப் போய் எருமையைக் கூப்பிட்டாள். "அடியே கூழச்சீ, இங்க வா சாமி. பொழுது போயிருச்சு, வந்துரு."

சௌந்திரம் காப்பி டம்ளரோடு ரேடியோப் பக்கம் திரும்பினாள்.

கூழச்சி இந்த வீட்டு எருமை. கன்றாக இருக்கும்போதே நாய் கடித்து வால் பாதியாகிப் போனதால் சௌந்திரம் வைத்த பேர் அது. எருமை செத்து ஆறு வருடம் ஆகிறது. அது உயிரோடு இருந்தபோது மரகதம் கட்டுத்தரையில் நின்றுகொண்டு அம்மா கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுவாள். எருமை ஏமாந்து தலையைத் தூக்கிக்கொண்டு வரும். பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் எல்லாம் நின்று சிரிப்பார்கள். வேறு யாருக்கும் அந்தக் குரல் வந்ததில்லை.

சௌந்திரம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். கூடத்தில் எல்லாரும் ரேடியோப் பக்கம் திரும்பியிருக்க, அவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அர்த்தநாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் முகத்திலும் ஆச்சரியம் என்று ஒன்று இல்லவே இல்லை.

அர்த்தநாரி எழுந்தார். கிழங்குக் காட்டுக்குத் தண்ணீர் பாயவேண்டும், மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று மயில்சாமியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் ரேடியோ இரைய ஆரம்பித்தது. பொன்னாத்தாளின் குரல் இரைச்சலுக்குள் அமுங்கிப்போயிற்று. காளியாத்தாள் உச்சுக் கொட்டினாள். போனால் போகிறது, நாள் விஷயத்தைப் பேசி முடித்துவிடலாம் என்றார் அப்புசாமி.

சௌந்திரம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். மோட்டார் ரூம் கிணற்றடியில் இருந்தது. உள்ளே ஒரு சின்ன பல்பு எரிந்துகொண்டிருக்க, ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் குறுக்கே அர்த்தநாரி நின்றுகொண்டிருந்தார். இருபத்தாறு வருடத்தில் அவள் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. இப்போது அவரைத் தாண்டிக் கையை நீட்டிச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகி நின்றது.

"எங்க இருக்கறா?"

"திருச்சியில" என்றார் அவர்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். முதலிலிருந்தே தெரியும் என்று சொன்னார். மீதியை அவள் கேட்கக் கேட்கத்தான் சொன்னார். சேலத்தில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஞானதாஸ் என்கிற கிறிஸ்தவப் பையனை அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டுவிட்டாள். தந்தி வந்ததே அதற்குத்தான். அவர்கள் இருந்த வீட்டு வாசலில் நின்று, எனக்கு மகள் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆற்றுக் கதையைச் சொன்னது அப்புசாமி. இன்னொரு பெண் வீட்டில் இருக்கிறதே, இதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்றார் அர்த்தநாரி.

சௌந்திரத்துக்கு ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது.

"வெசாழக்கெழமையானா சைக்கிளை எடுத்துட்டுப் போவீங்களே. பஞ்சாயத்து ரேடியோவுக்குத்தான?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். போன வருடம் அங்கேதான் நாடகம் முடிந்து அவள் பேரை வாசித்ததைக் கேட்டாராம்.

"நீங்க மட்டும் போய்க் கேட்டுட்டு வந்திருக்கறீங்க."

"சின்னவளுக்கு ஒரு நல்லது நடக்கப்போவுது, சௌந்திரம்" என்றார் அவர். "இன்னைக்கு ஒரு பொழுதுக்கு வாயைத் தொறக்காத. அவங்க போகட்டும். அப்பறம் என்னை என்ன வேணாலும் பண்ணிக்கோ."

அவள் திரும்பி நடந்தாள். கூடத்துக்குள் வரும்போது ரேடியோ தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தது. மகன் தனியாகவே டவுனுக்குப் போய்விட்டான். பொன்னாத்தாள் எருமையிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சௌந்திரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். நாலு வருடத்தில் மகள் பேச்சு என்று தெரிந்து கேட்க அவளுக்குக் கிடைத்தது அந்த இரண்டு நிமிடம்தான். அதுவும் அவளுடைய சொந்தக் குரலில் இல்லை. நாடகம் முடிந்து, நடித்தவர்களின் பேரை வாசித்தார்கள். பொன்னாத்தாளாக நடித்தவர் மரகதம் ஞானதாஸ் என்று ரேடியோ சொல்லியது.

காளியாத்தாள் சுவரிலிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மனதில் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஒரே பேராக இருக்கிறதே என்கிற பரிவுதான். "உங்க பெரிய பொண்ணு பேரும் மரகதம்னுதானே சொன்னீங்க?"

"அந்தப் பேரு ஊருக்கு நாலு பேத்துக்கு இருக்குமுங்க" என்றார் அப்புசாமி.

அத்தோடு முடிந்திருக்கும். சௌந்திரம் சும்மா இருந்தாலே போதும். வளர்மதி உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் கண்டுகொண்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. வேண்டாம் என்று அந்தக் கண்கள் கெஞ்சியதும் சௌந்திரத்துக்குத் தெரிந்தது. அந்தப் பார்வையைப் பிற்பாடு அவளால் மறக்கவே முடியவில்லை. ஆனால் காளியாத்தாள் பதிலுக்குக் காத்திருந்தாள். ஆமாம், செத்துப்போன பெண்ணுக்கும் இதே பேர்தான் என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தைக்கு வாய் வரவில்லை.

"என்ற மகதானுங்க அது" என்றாள். "உசுரோட இருக்கறா. எனக்கே இப்பத்தானுங்க தெரியும்."

அடுத்து ஏதோ விவசாயச் செய்தி தொடங்க, வளர்மதி போய் ரேடியோவை நிறுத்தினாள். அப்புசாமி எழுந்து, தங்கச்சிக்கு இப்படித்தான் அவ்வப்போது மனசு தடுமாறும் என்று சொல்லப் பார்த்தார். அர்த்தநாரி அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். மயில்சாமி அவரிடமே, இது நிஜமா என்று கேட்டார். அர்த்தநாரி ஆமாம் என்றார். அந்த மட்டில் அவர் பொய் சொல்லவில்லை.

மயில்சாமி பஞ்சாங்கத்தை மடித்துத் துணியில் சுற்றினார். அவர் கோபப்படவும் இல்லை.

"பொண்ணு வேற எடத்துல போயிட்டான்னா, அதையும் பேசித்தாங்க ஆகணும். ஊருல உலகத்துல நடக்காததில்ல" என்றார். "ஆனா இருக்கிற பொண்ணைச் செத்துப்போயிட்டான்னு சொல்லி, மாலையும் போட்டு வெச்சிருக்கீங்க. இனிமே இந்த வீட்டுல எதை நம்புறதுங்க?"

சமைத்து வைத்த சாப்பாட்டுக்கு அவர்கள் இருக்கவில்லை. காளியாத்தாள் போகும்போது சௌந்திரத்தின் தோளைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். காரின் வெளிச்சம் வேலியோரமாகப் போய் மறைகிற வரைக்கும் அப்புசாமி வாசலில் நின்றார். பிறகு அவரும் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார்.

வளர்மதி அழவில்லை. பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மூடி வைத்தாள்.

"ரெண்டு நாள் பொறுத்துச் சொல்லீருந்தா ஆகாதுங்களாம்மா?" என்று கேட்டாள்.

வளர்மதி உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் சௌந்திரம் தனியாகக் கிளம்பினாள். திருச்செங்கோட்டில் ஒரு பஸ், நாமக்கல்லில் ஒரு பஸ் மாறி, திருச்சியில் இறங்கி, வழியெல்லாம் கேட்டுக் கேட்டு வானொலி நிலையத்தைக் கண்டுபிடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. தான் யார் என்பதை வாசல்காரரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்று நாடகத்தில் கிழவியாகப் பேசிய பெண்ணுக்கு அம்மா என்றாள். அவர் அவள் பேசியதைக் கேட்டுவிட்டு ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே போய் விலாசம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

பாலக்கரைப் பக்கம் ஒரு சந்து; போய்ச் சேரச் சாயங்காலம் ஆயிற்று. கதவைத் திறந்தது கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். முகஜாடையிலேயே அவன் அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மரகதம் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா?" என்று கேட்டாள்.

இழவுச் செய்தி இல்லாமல் அம்மா வரமாட்டாள் என்றுதான் மகள் நினைத்திருக்கிறாள். சௌந்திரம் இல்லை என்று தலையாட்டினாள். ஞானதாஸ்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தான்.

பேச்சு மெல்ல மெல்லத்தான் வந்தது. மரகதம் ஆறு கடிதம் எழுதியிருக்கிறாள். ஐந்துக்குப் பதில் இல்லை. ஆறாவதற்கு மாமன் எழுதியிருந்தார். உன் அம்மாவே முன்னால் நின்று உனக்குக் காரியம் செய்துவிட்டாள், இனிமேல் எழுதவேண்டாம் என்று. அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை.

"முன்னால நின்னது நாந்தான் சாமி" என்றாள் சௌந்திரம். "நீ ஆத்துல போயிட்டேன்னு சொன்னாங்க. பள்ளிபாளையத்துல எறங்கிக் குளிச்சியாமா."

மரகதம் நம்பமுடியாமல் பார்த்தாள். "ஆத்துலயா? எனக்குத் தண்ணின்னா பயம்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? கெணத்து மேட்டுக்குக்கூட வரமாட்டனேம்மா."

தெரியும். வாய்க்காலில் கால் நனைக்கவே அழுத பெண் அவள். நாலு வருடத்தில் ஒரு நாள்கூடச் சௌந்திரம் அதை நினைக்கவில்லை. புருஷனும் அண்ணனும் சொன்னதும் நம்பி, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவுதான். அவர்கள் இருவரையும் திட்டிக்கொண்டே வந்த வழியெல்லாம் அவளுக்கு இருந்த தைரியம் அந்த இடத்தில் போய்விட்டது.

ஐந்து நாள் அங்கே இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து மரகதம் தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். குழந்தை முதல் நாள் பயந்தது, இரண்டாம் நாள் மடியில் ஏறிக்கொண்டது. கொங்குப் பக்கத்துக் கிழவி வேண்டும் என்று நிலையத்தில் கேட்டார்களாம். வேறு யார் பேச்சும் வாயில் வரவில்லை என்று மரகதம் மாவு பிசைந்தபடி சொன்னாள். சொன்னபோது அம்மா பக்கம் திரும்பவில்லை. கிளம்புகிற அன்றைக்கு, ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போ என்று சௌந்திரம் கேட்டாள்.

"செத்தவ எப்படிங்கம்மா ஊருக்குள்ள வர்றது?" என்றாள் மரகதம். அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பஸ் ஏற்றிவிட்டாள்.

மல்லசமுத்திரத்தில் பஸ் நின்றபோது அர்த்தநாரி சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். நேற்றும் முந்தாநாளும்கூட வந்து நின்றுவிட்டுப் போயிருந்தார் என்று டீக்கடைக்காரர் சொன்னார். பையை வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு தள்ளியபடி வந்தார். சௌந்திரம் நாலடி முன்னால் நடந்தாள். ஆத்தூரிலிருந்து ஆள் வந்து, இந்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதைச் சொன்னார். வளர்மதி சரியாகச் சாப்பிடுவதில்லை என்றார்.

தோட்டத்து வண்டித்தடத்தில் திரும்பும்போதுதான் கேட்டார். "நல்லா இருக்கறாளா?"

சௌந்திரம் நடந்துகொண்டே, "கொழந்தை இருக்குது. பொண்ணு" என்றாள். கொஞ்சம் கழித்து, "பேரு இசபெல்லா" என்றாள்.

பின்னால் அவர் அந்தப் பேரை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. முதல் தடவை நாக்குப் புரளவில்லை. இரண்டாம் தடவையும் பாதியில் நின்றது. சௌந்திரம் நிற்கவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. வீட்டில் இன்னும் விளக்குப் போட்டிருக்கவில்லை. வளர்மதி உள்ளே படுத்துத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.